பூஜ்யம் எழுதின வீடு

எங்க மலேரியா ஒழிப்பு ஆபீஸ்ல அவங்களுக்குப் பேரே கொசுக்கா. பதினெட்டு வருஷமா அடுத்தவங்க வீட்டுக்குள்ள போய்க் கொசு பிடிக்கிற உத்தியோகம். துணியோட மறுமுனையைப் பிடிக்கிறவ நான். ராத்திரி கடிச்ச கொசு விடிஞ்சதும் வயிறு முட்டச் சுவத்துல ஒட்டிக்கிட்டிருக்கும். தரை, கட்டில் எல்லாம் வெள்ளைத் துணி விரிச்சு, கதவைச் சாத்தி மருந்தடிச்சா பத்து நிமிஷத்துல விழுந்துடும். "நல்லா சாப்பிட்டியா ராசாத்தி?"ன்னு கேட்டுக்கிட்டே இடுக்கியால பொறுக்கி, தெரு வாரியா டப்பாவுல போடுவாங்க.

போன மாசம் அவங்க கூடப்பிறந்த பெரியக்கா இருக்கிற தெருவோட முறை. பத்து வீட்டுல பத்துக் கொசுவாவது கிடைச்சாத்தான் தெருவுக்கு மருந்தடிக்க உத்தரவு வரும். பெரியக்கா மக ஆறு மாசக் கர்ப்பத்தோட தாய்வீட்டுல இருக்கா. இந்த நேரத்துல மலேரியா வந்தா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அந்தப் பயத்துல கொசுக்கா முதல் நாளே போன் பண்ணிட்டாங்க: "அக்கா, நாளைக்கு ஆபீஸ்லருந்து வரோம். வீட்டை இருக்கிறபடியே விட்டு வை."

ஒன்பது வீட்டுல எட்டுக் கொசுதான் கிடைச்சுது. பெரியக்கா வீட்டுப் பின்னறையில எப்பவும் கொசு மொய்க்கும், அதனால தெம்பா போனோம். வாசல்லயே கொசுவத்திப் புகை மூக்கைத் துளைச்சுது. சுவரெல்லாம் துடைச்சுப் பளிச்சுன்னு இருந்தது.

"என்னக்கா இது?"

"பின்னே? நாலு பேர் வர்ற இடத்துல தங்கச்சி மானம் போகலாமா?"

துணி விரிச்சோம். ஒண்ணுகூட விழலை. எனக்கு வந்த ஆத்திரம்! "முந்தின தெரு டப்பாலருந்து ரெண்டை எடுத்துப் போட்டுடலாம்"னேன். கொசுக்கா அந்த டப்பாவைக் கையில எடுத்தாங்க.

"எடுத்தா அவங்க கணக்குல குறையும்டி. அந்தத் தெருவுலயும் பிள்ளைங்க இருக்கு." டப்பாவைத் திரும்ப வச்சிட்டு, படிவத்துல பூஜ்யம் போட்டாங்க.

"பார்த்தியா, ஒண்ணுகூட இல்லை!"ன்னு பெரியக்காவுக்கு ஒரே பெருமை. விஷயத்தைச் சொன்னதும் முகம் செத்துப்போச்சு. அந்தத் தெருவுல மறுபடி கணக்கெடுக்கணும்னா மூணு மாசம் ஆகும். கொசுக்கா மேலதிகாரி மேசை முன்னாடி நின்னு கெஞ்சினாங்க, அவர் கையை விரிச்சிட்டார். கடைசியில கொசுக்காவே கொசுவலை வாங்கிக் கொடுத்தாங்க. புழுக்கம் தாங்கலைன்னு அந்தப் பொண்ணு வலைக்கு வெளியிலேயே படுத்திருக்கா.

நேத்து அவளைக் காய்ச்சலோட ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. பெரியக்கா போன்ல கதறினது எனக்கே கேட்டுச்சு: "இருக்கிறபடியே விடுன்னதும், வீடு அழுக்குன்னு நீ குத்திக்காட்டுறேன்னு நினைச்சுட்டேன்டி!"

"நான் சொல்லாமலே வந்திருக்கணும்க்கா"ன்னு கொசுக்கா அழுதாங்க.