அப்பா கொடுத்த கப்பல் துணி

இந்தக் கட்டுரையை எழுத வேண்டியவர் என் அக்கா. பள்ளி ஆசிரியை. அவர் எழுதியிருந்தால் ஒற்றுப்பிழை இருந்திருக்காது. பத்தாம் வகுப்புத் தேர்வை நான் எத்தனை தடவை எழுதினேன் என்பது உறவினர் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அக்கா என்னைத்தான் எழுதச் சொன்னார், ஏனென்றால் அப்பாவின் கடைசிக் காலத்தில் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனவன் நான். அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது; அந்த நினைவு நாளுக்கு வந்த உங்கள் கையில்தான் இதைக் கொடுத்திருக்கிறோம். அவர் முடிக்காமல் விட்டுப்போன ஒரு வேலை இருக்கிறது. தயவுசெய்து கடைசி வரி வரைக்கும் படியுங்கள். சாப்பாடு அதன் பிறகுதான்.

அப்பா பிறந்தது ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு தக்காளிக் காட்டில். தாத்தா சீக்கிரமே போய்விட்டார், கிணறும் வற்றிவிட்டது. தங்கையைக் கரையேற்ற வேண்டும் என்று, கடலைக் கண்ணால் பார்க்காமலேயே கடற்படையில் சேர்ந்தார். குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நிற்கிற ஊரிலிருந்து கப்பலுக்குப் போனவர் என்று நான் கேலி செய்வேன். "ஏப்பா, நம்ம கொளத்துல ஒங்க கப்பல் நிக்குமா?" என்று கேட்டால், "மொதல்ல அதுல வாத்து நிக்கட்டும்டா" என்பார்.

அவர் பணியாற்றியது விமானம் தாங்கிக் கப்பல். உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டில் கட்டத் தொடங்கி, போர் முடிந்ததும் பாதியில் நிறுத்தி, பல ஆண்டுகள் சும்மா கிடந்து, பிறகு நம் நாடு வாங்கி முடித்த கப்பல். அப்பாவைவிட அதற்கு வயது அதிகம். அதன் மேல்தளம் முழுக்க ஓடுதளம்தான் என்றாலும், ஒரு விமானம் தானாக ஓடிக் கிளம்பும் அளவுக்கு நீளம் போதாது. அதனால் கவணில் கல்லை எறிவதுபோல, நீராவியின் விசையால் விமானத்தைக் கடலுக்கு மேலே எறிவார்கள். அந்த நீராவியைக் காய்ச்சிய கொதிகலன் அறையில்தான் அப்பாவுக்கு வேலை. "பைலட்டு பறந்தான்னு பேப்பர்ல போடுவான். பறக்க விட்டது நாங்க" என்பார். பிறகு காலம் மாறியது. காற்றாடி வைத்த பழைய விமானங்கள் ஓய்வு பெற்றன. கப்பலின் முனையைச் சரிவாக உயர்த்தி, அதில் ஏறிப் பாய்கிற, நின்றபடியே இறங்குகிற விமானங்கள் வந்தன. கவணைக் கழற்றினார்கள். கடைசியில் கப்பலையே உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்த அன்று அப்பா இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை.

விமானம் கிளம்புவதற்கு முன் அங்கே ஒரு வழக்கம். கை சும்மா இருப்பவர்கள் எல்லோரும் மேல்தளத்தில் தோளோடு தோளாக வரிசையில் நின்று, தலை குனிந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக நடப்பார்கள். ஒரு திருகாணி, ஒரு சட்டைப் பித்தான் கிடந்தாலும் எடுத்துவிட வேண்டும். என்ஜின் அதை உறிஞ்சிவிட்டால் விமானமும் இல்லை, விமானியும் இல்லை. ஓய்வு பெற்று வந்த பிறகும் அப்பா தெருவில் அப்படித்தான் நடந்தார். எங்கள் தெருவில் பூட்டுப் பட்டறைகள் உண்டு. பொறுக்கிய திருகாணிகளால் அவர் சட்டைப்பை தொங்கும்.

"ஏப்பா, நம்ம தெருவுல பிளேன் எறங்குதா?"

"எறங்கல அப்பு. ஆனா ஒங்கம்மா செருப்பில்லாம நடக்குறால்ல."

இனி அந்தத் துணி. கொதிகலனிலிருந்து கப்பல் முழுக்க ஓடும் சூடான குழாய்களின் மேல் தடித்த வெள்ளைத் துணி சுற்றியிருக்கும். கல்நாரில் நெய்தது, ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் கலக்கிற அதே சரக்கு. அந்தக் காலத்துக் கப்பல்களில் அது இல்லாத இடம் கிடையாது. பழையதைப் பிய்த்துப் புதிதைச் சுற்றும்போது மிஞ்சும் துண்டுகளை மாலுமிகள் ஊருக்குக் கொண்டுவருவார்கள். அப்பாவும் கொண்டுவந்தார். விடுப்பில் வந்தால் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, துணியில் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டுவார். பற்றாது. சட்டி இறக்கக் கரித்துணியாகவும், இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் விரிக்கவும் ஆளுக்கொரு துண்டு கொடுப்பார். "எல்லா வீட்டு மிலிட்டரியும் பாட்டில் கொண்டாருவான். எங்க மாப்ள அடுப்படித் துணி கொண்டாந்துருக்காரு" என்று என் தாய்மாமா புலம்புவார். எங்கள் சொந்தத்தில் கப்பல் துணி இல்லாத அடுப்படி கிடையாது.

அப்பாவுக்கு மூச்சிரைப்பு வந்தபோது முதலில் பஞ்சாலைத் தூசி என்றார்கள். ஓய்வுக்குப் பிறகு அவர் வேடசந்தூர் பக்கம் ஓர் ஆலையில் வேலை பார்த்திருந்தார். அப்புறம் காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள். மதுரையில் ஒரு மருத்துவர்தான் எக்ஸ்ரே படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஐயா, ஆஸ்பெஸ்டாஸ் பக்கத்துல வேலை பாத்திருக்கீங்களா?"

"பக்கத்துலயா? தலைக்கு வச்சுத் தூங்கியிருக்கோம் சார்."

மருத்துவர் சிரிக்கவில்லை. அந்த நார் நுரையீரலில் போய்க் குத்திக்கொண்டால் வெளியே வராது, பல ஆண்டுகள் கழித்துத்தான் வேலையைக் காட்டும், இதற்கு மருந்து கிடையாது என்று மெதுவாகச் சொன்னார். அப்பா தன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சார், அந்தத் துணி வீட்டுல இருந்தா?"

"பழசாகி நைஞ்சா தூசியாப் பறக்கும். எல்லாருக்கும் வரும்னு இல்ல. ஆனா வச்சிருக்கக் கூடாது."

திரும்பும் பேருந்தில் வாடிப்பட்டி தாண்டும்போது அப்பா என் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"ஏலே, ஒங்கம்மா கரித்துணிய உதறுவாளா?"

எனக்குப் பொய் வாயில் வரவில்லை. "காலையில ஒருக்கா, பொழுதுசாய ஒருக்கா. வாசல்ல நின்னு."

அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரமே அம்மாவுக்கு ஸ்கேன் எடுத்தோம். இப்போதைக்கு ஒன்றுமில்லை, வருடா வருடம் பார்க்க வேண்டும் என்றார்கள். அம்மா மிளகாய் தாளிக்கும்போது இருமினால்கூட அப்பா எழுந்து உட்கார்ந்துவிடுவார். "ஏங்க, இது வத்தல் நெடிங்க" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார்.

பிறகு கொடுத்த துணிகளைத் திரும்ப வாங்கக் கிளம்பினோம். வேண்டாம் என்று அக்கா அழுதார். அப்பா கேட்கவில்லை. "டெக்குல நடந்த மாதிரித்தான். ஒரு ஓரத்துலருந்து வருவோம்" என்றார். முகத்தில் கவசம், கையில் தண்ணீர்ப் புட்டி, தடித்த பாலித்தீன் பைகள். துணியை நனைத்து, இரண்டு பைகளில் போட்டு ஒட்டி, மருத்துவர் சொன்னபடி அதற்கென்று வரும் கழிவு வண்டியில் சேர்த்தோம்.

ரெட்டியார்சத்திரத்து அத்தை தர மறுத்தார். "எங்கண்ணன் குடுத்தது. நான் போறப்ப எங்கூட வச்சு அனுப்புங்க."

"அதுக்குத்தானே தங்கச்சி கேக்குறேன். அதுவே ஒன்னைய அனுப்பிரும்."

அத்தை விசும்பத் தொடங்கவும் நான் குறுக்கே புகுந்தேன். "அத்தே, குடுத்த சீரத் திருப்பிக் கேக்குற மொத அண்ணன் எங்கப்பாதான். ஊரு பேசுறதுக்குள்ள குடுத்துருங்க." அழுதுகொண்டே என் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தார்.

ஆயக்குடியில் சிரிக்க ஒன்றும் இல்லை. அங்கே அப்பாவோடு அதே அறையில் வேலை பார்த்த நண்பரின் வீடு. அவர் இருமி இருமியே முன்பே இறந்துபோயிருந்தார். அவர் மனைவி கொய்யாத் தோப்பிலிருந்து வந்து, துணியை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார். "ஏனுங்கண்ணா, அவரு போனதும் இதுனாலதானுங்களா?" அப்பா அவர் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். துணி சொட்டச் சொட்ட நனைந்த பிறகும் நிறுத்தவில்லை.

அதற்குப் பிறகு அவரால் வண்டியில் உட்கார முடியவில்லை. ஆக்சிஜன் வைத்தோம். ஒருநாள் மதியம் குழாயை விலக்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"அப்பு, ஒண்ணு பாக்கி. நீ பொறக்குறதுக்கு முன்ன எரியோட்டுல ஒரு கல்யாண வீடு. பச்சைச் சேலை கட்டுன புள்ள. எனக்குத் துண்டு இல்லையாண்ணேன்னு கேட்டுச்சு."

"யாருப்பா?"

"மொகம் தெரியல. இருந்த துண்டக் கத்தரியால ரெண்டா வெட்டிக் குடுத்தேன். தூசி பறந்துச்சு. இடுப்புல இருந்த கைப்புள்ள தும்முச்சு. எல்லாரும் சிரிச்சோம்."

அந்த ஒன்றை எடுப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அப்பாவின் கடைசி நாட்களில் ஆக்சிஜன் சிலிண்டரை மாடிக்குச் சுமந்த பட்டறைத் தெருச் சகோதரர்கள், சாகக் கிடந்தவருக்கு எண்ணெய் பூசி ஜெபித்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்த பங்குத்தந்தை, கல்லறை வரை தோள் கொடுத்தவர்கள், காரணம் கேட்காமல் துணியை எடுத்துத் தந்த உறவினர்கள், அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

எரியோட்டில் பச்சைச் சேலை கட்டியிருந்த அந்தச் சகோதரி நீங்களாக இருக்கலாம், உங்கள் அம்மாவாகவும் இருக்கலாம். வெள்ளை போய்ப் பழுப்பேறிய, சாக்கைவிடத் தடித்த துணி அது. கண்டால் உதறாதீர்கள், துவைக்காதீர்கள். தண்ணீர் தெளித்து அப்படியே விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

அன்று தும்மிய பிள்ளைக்கு இப்போது என்னைவிடச் சில வயது கூட இருக்கும். அவரை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.