ஏழாம் பிரிவில் ஒரு ரயில்

கம்பெனியில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். லிப்ட் மெக்கானிக். ஐம்பத்து மூன்று வயதில் அவர் உட்கார்ந்து டீ குடித்ததைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பார், எங்கேயாவது வைத்துவிடுவார், பிறகு அதைத் தேடிக்கொண்டு நடப்பார்.

வீட்டிலும் அதே கதைதான். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனதும், அவள் அறைக் கட்டிலை நிமிர்த்திச் சுவரோடு சாத்திவிட்டு, பிளைவுட் பலகைகளை இணைத்து மேசை போட்டார். அதன் மேல் மாதிரி ரயில் பாதை. கையால் தள்ளி விளையாடுகிற பொம்மை இல்லை அது. தண்டவாளத்தைப் பன்னிரண்டு பிரிவுகளாக வெட்டியிருந்தார். எந்தப் பிரிவில் வண்டி மின்சாரம் இழுக்கிறது என்று மேசைக்கு அடியிலுள்ள சென்சார்கள் லேப்டாப்புக்குச் சொல்லும். லேப்டாப் பாதையைத் திருப்பி, சிக்னல் போட்டு, முன்னால் உள்ள பிரிவு காலியானால்தான் பின்னால் வருகிற வண்டியை உள்ளே விடும். "நான் ஒரு பட்டனை அமுக்கிட்டு உக்கார வேண்டியதுதான். மத்ததை அதுவே பாத்துக்கும்" என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. ரயில்தான் தானாக ஓடவில்லை.

திங்கட்கிழமை மகள் போன் செய்தாள். இனிமேல் வீட்டிலிருந்தே வேலை, ஞாயிறு காலையில் வந்துவிடுவேன், கதவு மூடுகிற அறை ஒன்று வேண்டும் என்றாள்.

பம்பரம் போனை வைத்துவிட்டு ஹாலை மூன்று தடவை சுற்றினார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷமாக வேலை பார்ப்பவள். அநாவசியமாகப் பதற மாட்டாள்.

"சோபாவை எடுத்துட்டா ஹால்ல உங்க மேசைக்கு இடம் இருக்கு."

"சோபாவையா?"

"நீங்க அதுல உக்காந்து நான் பாத்ததில்லை. நான் உக்காந்தா தூங்கிடறேன். பின்னே யாருக்கு அது?" ஒரு சட்டையை உதறினாள். "ஆனா ஒண்ணு. ஞாயித்துக்கிழமை அவ முன்னாடி ரெண்டு வண்டியும் பதினஞ்சு நிமிஷம் தானா ஓடணும். நீங்க விரல் வைக்கக் கூடாது. ஓடினா சோபா வெளியே. இல்லேன்னா பலகை வெளியே. இன்னும் ஒரே வாரம்னு அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது."

"அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

போன வருஷம் ஒரு விபத்து நடந்திருந்தது. கடைசிப் பெட்டி கொக்கி கழன்று வளைவில் நின்றுவிட்டது. மோட்டார் இல்லாத பெட்டி மின்சாரம் இழுக்காது. அதனால் அந்தப் பிரிவு காலி என்று லேப்டாப் நினைத்தது. பின்னால் வந்த எஞ்சின் ஒரே மோது. அன்றிலிருந்து ஒவ்வொரு பெட்டியின் அச்சிலும், சொட்டு மின்சாரம் இழுக்கிற கடுகளவு ரெசிஸ்டர் ஒட்டினார். இருபத்து நான்கு பெட்டிகள். அந்தச் சொட்டு மின்சாரத்தையும் விடாமல் பிடிக்கும்படி சென்சார்களின் உணர்திறனைக் கடைசிவரை ஏற்றிவைத்தார்.

இப்போது அதிலிருந்துதான் தலைவலி. வண்டிகள் நன்றாகப் போகும். திடீரென்று லேப்டாப்பில் ஏழாம் பிரிவு சிவப்பாகும். அங்கே வண்டியே இருக்காது. இல்லாத வண்டிக்கு மரியாதை கொடுத்து, வருகிற வண்டி ஆறாம் பிரிவிலேயே நின்றுவிடும். மூலையில் இருக்கும் லேப்டாப்பிடம் இவர் ஓடுவார். போய்ச் சேர்வதற்குள் சிவப்பு போயிருக்கும்.

செவ்வாய்க்கிழமை மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்து ஏழாம் பிரிவின் கம்பிகளை எல்லாம் புதிதாகச் சால்டர் வைத்தார். புதன்கிழமை சென்சாரையே மாற்றினார். வியாழக்கிழமை, எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிப்டின் தலைமேல் நின்றுகொண்டு ஏழாம் பிரிவை நினைத்துக்கொண்டிருந்தார். கீழிருந்து உதவியாளர் கத்தினார்:

"அண்ணே! ஸ்பேனரைக் கேட்டீங்க, குடுத்தேன். திரும்பவும் அதையேதான் கேக்கறீங்க. கையில பாருங்க!"

கையில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை சிவப்பு வந்தது. வியர்த்து வழிந்தது அவருக்கு. மின்விசிறியைப் போட்டால் அட்டை மரங்கள் பறக்கும் என்று அதையும் போடவில்லை. உணர்திறனைக் குறைத்துவிட்டால் இந்தப் பேய் வண்டி ஓடிவிடும். ஆனால் கழன்ற பெட்டியும் தெரியாமல் போய்விடும். சென்சாரின் திருகாணியில் வைத்த ஸ்க்ரூடிரைவரைத் திருப்பவும் மனசில்லை, எடுக்கவும் மனசில்லை.

மனைவி கதவில் சாய்ந்து நின்றாள். "எப்ப வருது, எப்ப போகுது?"

"என்னது?"

"உங்க வியாதிதான். காய்ச்சல்னு வந்தா முதல்ல அதைத்தானே கேப்போம்."

"அதுக்கு நேரம் காலமே இல்லை. நான் உத்துப் பாக்கறப்ப வருது, கிட்டப் போனா போயிடுது."

"ஓட்டுங்க, பாக்கலாம்."

ஓட்டினார். வண்டி சுரங்கத்துக்குள் நுழைந்தது. அது வெளியே வருகிறதா என்று பார்க்க அவர் மேசையின் முன் ஓரத்தில் சாய்ந்து, கழுத்தை நீட்டினார். சிவப்பு.

"அசையாதீங்க! அப்படியே இருங்க!"

ஊசி குத்தும்போது நோயாளியிடம் பேசுகிற குரல் அது. அவர் உறைந்தார். சிவப்பும் போகாமல் நின்றது.

"இப்ப வலது கையை மட்டும் தூக்குங்க."

தூக்கினார். இரண்டு விநாடியில் சிவப்பு போனது. முழங்கைக்குக் கீழே, ஈரத்தோலில், இரண்டு கோடுகள் அச்சடித்தாற்போலப் பதிந்திருந்தன. முன் ஓரத்தை ஒட்டிப் போகிற ஏழாம் பிரிவுத் தண்டவாளம்.

வியர்வை வழியாகப் போன சொட்டு மின்சாரத்தைச் சென்சார் விடாமல் பிடித்திருந்தது. அதன் கணக்கில் அவர் ஒரு ரயில் பெட்டி.

மனைவி சிரித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. "நாலு நாளா உங்க கையைத்தான் ரிப்பேர் பண்ணியிருக்கீங்க."

உணர்திறனை அவர் குறைக்கவில்லை. தன்னைத்தான் தள்ளி வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் பெட்டியோடு வந்து இறங்கினாள். சுவர் ஓரமாக ஒரு நாற்காலி. அதில் பம்பரம், இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு. "அப்பாவுக்கு என்ன ஆச்சும்மா?" என்றாள் மகள். "உக்காந்திருக்கார்டி. சத்தம் போடாதே" என்றாள் தாய்.

விஷயம் தெரிந்ததும் மகள் போனில் நேரத்தை ஓடவிட்டாள். ஐந்து நிமிஷம். எட்டு. வண்டிகள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஓடின. அவர் குதிகால் தரையில் தாளம் போட்டது. பன்னிரண்டாம் நிமிஷம், சரக்கு வண்டியின் கடைசிப் பெட்டி கொக்கி கழன்று ஒன்பதாம் பிரிவு வளைவில் நின்றது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. பின்னால் பயணிகள் வண்டி சுரங்கத்திலிருந்து வெளியே வந்தது.

அவர் பாதி எழுந்துவிட்டார். மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். நாடி எகிறுவது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

சிக்னல் சிவப்பானது. பயணிகள் வண்டி வேகத்தைக் குறைத்து, எட்டாம் பிரிவின் முடிவில் மெதுவாக நின்றது. முன்னால் போன சரக்கு வண்டியும் ஒரு சுற்று முடித்து வந்து, அதன் பின்னால் அடக்கமாக நின்றது.

"ஐயோ, நின்னுடுச்சே" என்றாள் மகள். கையிலிருந்த போனில் பதின்மூன்று நிமிஷம் சொச்சம்.

பம்பரம் தரையைப் பார்த்தார். "பலகையை நானே கழட்டிடறேன்."

"எதுக்கு?" என்றாள் மனைவி. "லிப்ட் நடுவில நின்னா ஜனங்க உங்களுக்குப் போன் போட்டுத் திட்டறப்போ என்ன சொல்லுவீங்க? ஆறாவது மாடியிலேர்ந்து விழாம நின்னுச்சே, அது வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்னு சொல்லுவீங்க இல்லை? யாரும் கை வைக்கலை. அதுவாப் பாத்து நின்னுது. எனக்குப் போதும்." மகள் பக்கம் திரும்பினாள். "சோபாவோட அந்தப் பக்கத்தை நீ பிடி."

அவர்கள் ஹாலுக்குப் போனார்கள். பம்பரம் நாற்காலியிலேயே இருந்தார். வளைவில் தனியாக நின்ற பெட்டியைப் பார்த்தார். அதன் கொக்கி ஒரு நூல் அளவு தாழ்ந்திருந்தது, இங்கிருந்தே தெரிந்தது.

"என்னங்க, கொஞ்சம் வந்து பிடிக்கிறீங்களா? கதவுல இடிக்குது!"

"இதோ வந்துட்டேன். ஒரே நிமிஷம்" என்று எழுந்தவர், ஹாலுக்குப் போகாமல் இடுக்கியைத் தேடினார். முன் ஓரத்தில் சாயாமல் அந்த வளைவை எப்படி எட்டுவது என்றுதான் யோசனை.