பெரிய வீட்டுக்குள் கேட்ட மணி

வெளிநாட்டில் இருக்கும் என் மகள் நாய் வளர்க்கிறாள். அதன் கழுத்துப் பட்டையில் ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. போன முறை ஊருக்கு வந்தபோது செல்போனில் வரைபடத்தைத் திறந்து ஒரு நீலப் புள்ளியைக் காட்டினாள். "எங்க வீட்டுத் தோட்டத்துல நிக்கிது பாரும்மா." பத்து நிமிடம் பார்த்தேன். புள்ளி நகரவில்லை. "ஏன் அசையாமக் கெடக்கு? யாரையாச்சும் போய்ப் பாக்கச் சொல்லு" என்றேன். தூங்குகிறது என்று சிரித்தாள். அது நகரும்வரை செல்போனை அவளிடம் திருப்பித் தரவில்லை.

தொண்ணூறுகளில் காரைக்குடியில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் பள்ளி ஆசிரியை, கணவர் அலுவலகக் குமாஸ்தா. எங்கள் முதல் நாய் தெருவில் இறங்கிப் போனது, திரும்பவே இல்லை. ஆகவே இரண்டாவது வந்ததும் திங்கட்கிழமைச் சந்தையில் மாட்டுக்குக் கட்டும் வெண்கல மணி ஒன்றை வாங்கி அதன் கழுத்தில் கட்டினேன். எங்கே சுற்றினாலும் சத்தம் காட்டிக்கொடுக்கும் அல்லவா? காட்டிக்கொடுத்தது. ஆனால் நிம்மதி வரவில்லை. மணி கேட்டால் எங்கே ஓடுகிறது என்று எட்டிப் பார்ப்பேன். கேட்காவிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவேன்.

"மணிய நாய்க்குக் கட்டுனியா, ஒனக்குக் கட்டுனியா? அது நடந்தா நீயில்ல ஓடுற" என்பார் கணவர்.

எதிரே ஒரு பெரிய வீடு. முன்வாசல் எங்கள் தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அண்ணன் தம்பி இருவருக்கும் பங்கு. அண்ணன் இறந்த பிறகு அவர் மனைவிக்கும் தம்பிக்கும் வழக்கு முற்றி, இரண்டு வாசலிலும் ஆளுக்கொரு பூட்டாக இரட்டைப் பூட்டுத் தொங்கியது. முன்னோருக்குப் படைக்கும் நாளில் மட்டும் இரு தரப்பும் வந்து சேர்ந்து திறப்பார்கள். அந்தச் சித்திரையிலும் வந்தார்கள், படைத்தார்கள், பந்தி போட்டார்கள். ஞாயிறு காலை பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

நாங்கள் கோயிலில் பூசை முடிந்து திரும்பியபோது நாயைக் காணோம். ஊருணிக் கரை, கடைவீதி எல்லாம் தேடிக் களைத்து வீட்டுக்கு வந்தால், எதிரே பூட்டிய கதவுக்குப் பின்னால் மணிச் சத்தம். பந்தி எச்சிலைத் தின்றுவிட்டு உள்ளே எங்கோ படுத்துத் தூங்கியிருக்கிறது. நான் கூப்பிட்டதும் சத்தம் பின்பக்கம் போனது. தெருவைச் சுற்றி நான் பின்வாசலுக்கு ஓடினேன். அதற்குள் அது முன்வாசலுக்குப் போய்விட்டது. இப்படியே நாலைந்து தடவை ஓடினோம், நான் வெளியே, அது உள்ளே. கதவுக்கும் நிலைப்படிக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையாது. தண்ணீர் எப்படி ஊற்றுவது? ஓட்டின் மேல் ஏறி உள்முற்றத்தில் இறங்க ஆள் கேட்டேன். பெரிய வீட்டுப் பொருளில் கை வைத்ததாகப் பேர் வரும் என்று ஒருவரும் வரவில்லை.

அண்ணன் மனைவியான ஆச்சி ஊரின் மறுகோடியில் இருந்தார். மூச்சு வாங்கப் போய் நின்றேன்.

"என் பூட்ட இப்பவே தொறந்து விடுறேன் டீச்சர். கொழுந்தன் பூட்டத் தொட்டேன்னா நாளைக்குக் கோர்ட்டுல ஏறி நிக்கணும். அவுககிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க" என்றார்.

கொழுந்தனார் சென்னைக்குப் போகும் வழியில் இருந்தார். மறுநாள் காலைதான் எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவரைப் பிடிக்க முடிந்தது. பூட்டை உடைக்க மட்டும் ஒப்பவில்லை. "சாவிய இன்னைக்கே பார்சல்ல போட்டு விடுறேன். நாளைக்குக் காலையில ஒங்க கையில இருக்கும்" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். சரி என்று வைத்துவிட்டேன்.

ஒரு இடத்தில் உட்காராத நான் அந்த இரண்டு இரவும் உட்கார்ந்தேன். இதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எதிர் வீட்டில் மணி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. சின்னச் சின்னதாக, வேகமாக, மணிக்கணக்கில். "எலி பிடிச்சு வெளையாடுது. ஊர் சுத்துற கழுத இன்னைக்குத்தான் ஒரு எடத்துல கெடக்கு. நீயும் கெட" என்றார் கணவர். எனக்கும் அது சரியாகவே பட்டது. அது எங்கே இருக்கிறதென்று தெரியும், உயிரோடு இருப்பதும் தெரியும், இனி என்ன? அந்தச் சத்தத்தைக் கேட்டபடி ஒரு வகுப்பின் விடைத்தாள்கள் முழுவதையும் திருத்தி முடித்தேன். நாய் வந்த நாளிலிருந்து அவ்வளவு அமைதியாக நான் இருந்ததில்லை.

செவ்வாய்க்கிழமை காலை சாவி வரவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியிலிருந்து வந்தபோது மணியும் கேட்கவில்லை. கதவைத் தட்டினேன், கத்தினேன். உள்ளே அசைவே இல்லை. வெயிலில் செருப்புகூடப் போடாமல் ஆச்சி வீட்டுக்கு ஓடினேன்.

"சத்தம் நின்னு போச்சு ஆச்சி."

ஆச்சி எழுந்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு என்னோடு வந்து தன் பூட்டைத் திறந்தார். தெருவில் கிடந்த கருங்கல்லை எடுத்துக் கொழுந்தனார் பூட்டின் மேல் தானே நாலு போடு போட்டார். "யாரும் கேட்டா நாந்தான் ஒடச்சேன்னு சொல்லுங்க" என்று கதவைத் தள்ளினார்.

கதவு முழுதாகத் திறக்கவில்லை. நாய் அதன் மேல் சாய்ந்து கிடந்தது. இடுக்கில் நுழைந்து பார்த்தேன். தேக்குக் கதவின் அடிப்பாகம் முழுக்க வரிவரியாகப் பிறாண்டல். தரையில் மரத்தூள், அதில் காய்ந்த ரத்தம். முன்னங்கால் இரண்டிலும் நகங்கள் பிய்ந்து போயிருந்தன. எலியாவது, விளையாட்டாவது. நான் விடைத்தாள் திருத்திய நேரமெல்லாம் அது கதவைத் தோண்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆச்சி யார் வீட்டிலிருந்தோ ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி வந்தார். கையில் ஏந்திக் கொடுத்தேன். நக்கிக் குடித்தது. பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. கடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.