கைப்பட எழுதிய விண்ணப்பம்

பெஞ்சமேனுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின்களைப் பிரித்து மாட்டும் மெக்கானிக் அவன். புது உதிரிப்பாகம் வாங்கினால் கடைக்காரன் எதிரிலேயே பெட்டியைப் பிரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் பர்ஸைத் தொடுவான். மாமியார் மீன்குழம்பு கொடுத்தனுப்பினால்கூட, "இன்னாத்துக்கு இப்போ?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். துறைமுகத்தில் இந்தக் குணத்துக்கு நல்ல மரியாதை. அவன் கை பட்ட எஞ்சின் நடுக்கடலில் நிற்காது. வீட்டில்தான் மனைவி மரி-லோர் பாடு திண்டாட்டம்.

அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் பெஞ்சமேனுக்கும் அண்ணன் பெர்னாருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. பெர்னார் பிரெஞ்சு நாட்டு மர்சேயில் எப்போதோ வேர்விட்டுவிட்டான். இவன் மட்டும் மூலக்குளத்து வாடகை வீட்டில், மீன்பிடித் தடைக்காலம் வந்தால் வேலையில்லாமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். 2003இல் அப்படிக் கிடந்தபோதுதான் அண்ணி கொலெத் ஈஸ்டர் விடுமுறைக்கு ஊருக்கு வந்தாள். அங்கே அவர்கள் வீட்டருகே ஒரு படகுப் பட்டறைக்கு டீசல் மெக்கானிக் தேவையாம். முதலாளி பெர்னாருக்குப் பழக்கமாம். மரி-லோர் அன்றைக்கே பெட்டி கட்டாத குறை.

பெஞ்சமேன் தன் பயோடேட்டாவைக் கொண்டுவந்து கொடுத்தான். நெட் சென்டரில் சொல்லி டைப் அடித்தது. அப்பா பெயர், மதம், உயரம், 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழி எல்லாம் அதில் இருந்தன. கொலெத் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடித்தாள்.

"அப்பா பேர ஏன் அண்ணி அடிச்சீங்க?"

"அங்க யாரும் அப்பா பேரு கேக்க மாட்டாங்க பெஞ்சமேன். நீ இன்னா வேல செஞ்ச, எங்க செஞ்ச, அவ்ளோதான். ஒரு பக்கத்துக்கு மேல போனா படிக்கவே மாட்டாங்க."

யாரால் குடியுரிமை கிடைத்ததோ அவர் பெயரே வேண்டாமா? அவனுக்கு மூக்கு வியர்த்தது. தொடர்புக்குத் தன் வீட்டு போன் நம்பரை வேறு அவள் போட்டாள். அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான். அதற்கப்புறம் கேட்டாளே ஒன்று, அதுதான் அவனைத் தூக்கிவாரிப் போட்டது.

"வேல ஏன் வேணும்னு ஒரு கடுதாசி வெக்கணும். நான் டைப் பண்ணித் தரேன். அதப் பாத்து நீ கைப்பட எழுதி, கீழ கையெழுத்து போட்டுக் குடு."

"கம்ப்யூட்டர் இருக்கச் சொல்ல கையால எதுக்கு?"

"அந்த மொதலாளி அப்படித்தான் கேக்கறாரு."

உழவர்கரையில் அப்பா வாங்கிப்போட்ட மனை ஒன்று அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாகக் கிடந்தது. வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து வீட்டை இழந்தவர்கள் இந்த ஊரில் இல்லையா என்ன? ஒரு பக்கம் முழுக்க அவன் எழுத்து கிடைத்தால், அதைப் பார்த்து எந்தப் பத்திரத்தையும் எழுதிக்கொள்ளலாமே.

"அண்ணி அப்படிச் செய்யறவங்களா?" என்று மரி-லோர் சீறினாள்.

"அண்ணி செய்ய மாட்டாங்க. அண்ணன் செய்யச் சொன்னா?"

கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். பேனாவை இடது கைக்கு மாற்றினான். கோணல்மாணலாக, ஆனால் ஒரு சொல் விடாமல், கடிதம் முழுவதையும் எழுதி முடித்தான். கீழே, பாஸ்போர்ட்டில் இருப்பதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கிறுக்கல். உறையை ஒட்டி, கொலெத் விமானம் ஏறப் புறப்பட்ட நேரத்தில்தான் கையில் கொடுத்தான். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்தது.

அடுத்த மாதம் கொலெத் போன் செய்தாள்.

"மொதலாளிக்கு உன் சிவி ரொம்பப் புடிச்சிருந்திச்சாம் பெஞ்சமேன். ஆனா கடுதாசிய எழுத்து பாக்கற ஒரு அம்மாகிட்ட குடுத்திருக்காரு. எழுத்த வச்சி ஆளோட கொணத்தச் சொல்லுவாங்க, இங்க அது ஒரு பழக்கம். இந்தாளு தன்ன மறைக்கறாரு, நம்பி சேக்காதீங்கன்னு அந்தம்மா சொல்லிட்டாங்களாம்."

பெஞ்சமேன் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"உங்க அண்ணன் பட்டறைக்கே போயி சண்ட போட்டுட்டாரு. என் தம்பிக்கு நான் ஜவாப்தாரி, ஊருல இருக்கற எங்க மனைய வேணும்னாலும் ஈடா வெக்கறேன், அதுல என் பங்கு மொத்தமும் அவனுக்குத்தான்னு கத்தியிருக்காரு. அந்தாளு கேக்கல."

பக்கத்தில் நின்ற மரி-லோர், என்ன ஆச்சு என்று கையால் கேட்டாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அது உன் எழுத்துதானே?" என்றாள் கொலெத்.

"என்னுதுதான் அண்ணி. எடது கையால எழுதினேன்."

"ஐயையோ, ஏம்பா? சோத்துக் கையில அடிகிடி பட்டுச்சா? நான் அங்க இருக்கச் சொல்ல சொல்லவே இல்லியே!"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான். அந்தப் பதைப்பைக் கேட்ட பிறகு அவனால் முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அடி ஒண்ணும் இல்ல அண்ணி. உங்க மேல சந்தேகம்."

கொலெத் போனை வைத்துவிட்டாள். அண்ணனிடம்கூடக் கொடுக்கவில்லை.