பிரிஜெட் தோற்காத ஆட்டம்

மர்பி டவுன் மாதா கோயில் திருவிழா செஸ் போட்டியில் எட்டு வருஷமாக ஓஸ்வால்டிடம் தோற்றுக்கொண்டிருந்தாள் பிரிஜெட். போன வருஷம் ஒன்பதே மூவில். "டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிட்டேன் பாரு" என்று மனுஷன் சொல்ல, ஹாலே சிரித்தது. ஐம்பத்துநாலு வயதுக்காரிக்கு மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. இந்த வருஷம் தலைகீழாக நின்றாவது தோற்காமல் இருந்துவிட வேண்டும் என்று முடிவுகட்டினாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு பள்ளிக்கூட ஆபீசில் இருபத்தாறு வருஷமாக கிளார்க். ஜனவரி வெயிலிலும் பையில் குடை இருக்கும். ஒற்றை அறை வீட்டுக்கு இரண்டு பூட்டு. ஹெட் கிளார்க் பதவி தானாகத் தேடி வந்தபோதுகூட, "இருக்குறதே போதும் சார், சும்மனே எதுக்கு வம்பு?" என்று திருப்பி அனுப்பிய மகராசி.

அப்பேர்ப்பட்டவளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி கிடைத்தது ஸ்லாவ் டிஃபென்ஸ் என்ற தற்காப்பு ஆட்டம். ஓஸ்வால்ட் எப்போதும் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத்தான் முதலில் தள்ளுவார். அதற்கு எதிரே ஒரு சிப்பாய், அதைத் தாங்கப் பக்கத்தில் இன்னொன்று, சிப்பாய்கள் வழியை அடைக்குமுன் மூலைவாட்டில் ஓடும் பிஷப்பை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். தினமும் பஸ்ஸில் வீடியோ பார்த்துப் பார்த்து ஆறே மாசத்தில் கரைத்துக் குடித்துவிட்டாள்.

திருவிழா ஞாயிறு. ஓஸ்வால்ட் வழக்கம்போல் ராணிச் சிப்பாயைத் தள்ளினார். பிரிஜெட் படித்ததை அப்படியே இறக்கினாள். பத்து மூவ் தாண்டியது, இருபதும் தாண்டியது. ஓஸ்வால்டின் நக்கல் நின்றுபோனது. இருபத்தாறாவது மூவில் அவர் நடுவிலிருந்த குதிரையை அவள் ராஜா பக்கமாகத் தாவவிட்டார். பிரிஜெட் தன் ராஜாவைப் பார்த்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று ராஜாவின் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினாள். ஓஸ்வால்ட் சட்டென்று தன் ராணியை வேறு இடத்துக்கு மாற்றினார். நாற்பதாவது மூவில், "டிரா பண்ணிக்கலாம்மா" என்று கையை நீட்டினார்.

ஹால் கைதட்டியது. ஆட்டத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்த ஜோவிதா டீச்சர் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பிரிஜெட்டுக்கு வாயெல்லாம் பல். ஓஸ்வால்ட் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஏம்மா, என் ராணிய ஏன் வெட்டல?"

"எந்த ராணிய அண்ணா?"

"குதிரைய நகத்தினேன்ல, அப்போ என் ராணி உன் பிஷப்புக்கு நேரா மாட்டிக்கிச்சு. கைய எடுத்தப்புறம்தான் பாத்தேன். உசுரே போயிடுச்சு. நீ என்னடான்னா ஓரத்துல சிப்பாயத் தள்ற!"

"போங்கண்ணா, கிண்டல் பண்ணாதீங்க."

ஜோவிதா நோட்டைப் பார்த்துக் காய்களைப் பழையபடி அடுக்கினாள். அடுக்கி முடித்தவள், "ஐயோ மாதாவே!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரிஜெட் தன் பிஷப்பின் மேல் விரலை வைத்துக் மூலைவாட்டில் இழுத்துக்கொண்டே போனாள். மூன்று கட்டம், மூன்றும் காலி. நாலாவதில் ராணி. தாங்க ஒரு காய்கூட இல்லாமல் தனியாக நின்றது. பிரிஜெட் விரலை எடுக்கவில்லை.

"பதட்டத்துல கவனிக்கலையாம்மா?" என்று ஓஸ்வால்ட் இறங்கிய குரலில் கேட்டார்.

"பதட்டமில்லண்ணா." "உங்கள ஜெயிக்கலாம்னு எனக்குத் தோணவே இல்ல. எட்டு வருஷத்துல ஒரு நாள்கூட."