சமையலறைக்கு வந்த குரல்

எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த முதல் வசந்தத்தில் என் மகளுக்கு நான்கு மாதம். கணவருக்குச் சூப்பர்மார்க்கெட் கிடங்கில் வேலை. ஊர் அடங்க அடங்க அவருக்கு ஷிப்ட் கூடியது. பிள்ளை பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வரவிருந்த அம்மாவின் விமானம் நின்றுபோனது. அப்டன் பார்க்கில் ஒரு சின்ன மாடி வீட்டில், பகல் முழுக்க நானும் மகளும்தான்.

யாரோ கொடுத்த பழைய பேபி மொனிட்டர் ஒன்று எங்களிடம் இருந்தது. ஒரு துண்டு தொட்டிலருகே, மற்றது சமையலறையில். பிள்ளை சிணுங்கினால் அடுப்படியில் கேட்கும்.

ஒரு மத்தியானம் மகளைத் தூங்கவைத்துவிட்டுப் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். மொனிட்டர் கரகரத்தது. பிறகு ஒரு பெண்குரல், தமிழில், மிக அருகில்.

"நித்திரை கொள்ளம்மா. ஏலாது எனக்கு. இனி ஏலாது."

அடுப்பை அணைக்காமலே ஓடினேன். அறையில் ஒருவரும் இல்லை. ஜன்னல் பூட்டியிருந்தது. மகள் கைகளை விரித்தபடி தூங்கினாள். அலுமாரியைக்கூடத் திறந்து பார்த்தேன். திரும்பி வந்தபோது தாளிதம் கருகியிருந்தது, குரல் ஓயவில்லை.

"அம்மா இப்ப இந்தக் கதவைத் திறந்துகொண்டு போனா, திரும்பி வரமாட்டன்."

முந்தின நாள் தொட்டிலருகே நின்று ஏறக்குறைய இதையேதான் நானும் மகளிடம் சொல்லியிருந்தேன். என் குரலைப் பிடித்துவைத்து எனக்கே திருப்பித் தருகிறதோ இது? எனக்குத் தலை பிசகிவிட்டதோ?

வேலையால் வந்த கணவர் சிரித்தார். "பழசுதானே. கிட்டடியில ஆரோ இதே மாதிரி ஒண்டு வச்சிருக்கினம். அவையின்ர சத்தம் இதில விழுது."

"அப்ப எங்கட சத்தம்?"

சோறு பிசைந்த கை நின்றது. "அங்க விழும்."

அதன்பின் அந்த அறைக்குள் வாய் திறக்கவே கூசினேன். ஜன்னலால் எதிர்வரிசையைப் பார்ப்பேன். ஒரே மாதிரி வீடுகள், இழுத்துமூடிய திரைகள். எதற்குப் பின்னால் அவள் இருக்கிறாள்? ஒருமுறை அம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு எங்கள் தெருவைக் கடந்தது. அது போன சற்று நேரத்தில் அதே அலறல் மொனிட்டருக்குள் கேட்டது.

பிறகொரு நாள் அவளது பிள்ளை வீறிட்டு அழுதது. நெடுநேரம். இடையே அவள் குரல், கோபம்கூட இல்லாமல், தட்டையாக: "வாயை மூடு. வாயை மூடு."

என் தொட்டிலுக்கு ஓடிக் குனிந்தேன். "தங்கச்சி, பிள்ளையைத் தொட்டில்ல கிடத்துங்கோ. கிடத்திப்போட்டு வெளியில வந்து கதவைச் சாத்துங்கோ. தண்ணி குடியுங்கோ. அழட்டும். நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

மகள் என்னையே விழித்துப் பார்த்தாள். சமையலறைக்குத் திரும்பி மொனிட்டரைக் காதோடு வைத்தேன். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அறைக்கதவா, வாசற்கதவா? பிள்ளை தனியே அழுதது, களைத்தது, விசும்பியது. எந்த வீடென்று யாருக்குச் சொல்வேன்?

கதவு திறந்தது.

"அக்கா," என்றாள். "நிக்கிறீங்களோ?"

ஓம் என்று சொல்ல மறுபடி தொட்டிலுக்கு ஓட வேண்டியிருந்தது.

அதன்பின் மத்தியானங்களில் மாறி மாறிக் காவல் இருந்தோம். அவள் குளிக்கும்போது அவளது பிள்ளைக்கு நான் காது கொடுப்பேன். கேட்கும் துண்டை அவள் பிள்ளையருகேயே வைத்திருந்தாள்; அது அழுதால் நான் என் தொட்டிலில் குனிந்து பேச்சுக் கொடுப்பேன். நான் படியில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது என் மகளுக்கு அவள். ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம் அவளுடையது. அங்கே கடையை ஒப்படைக்கப் போன கணவர் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. பெயரும் முகமும் உள்ள ஒருத்தியிடம் அப்படியெல்லாம் பேசியிருப்பேனா தெரியாது. ஆனால் ஆளில்லாத அறையிலிருந்து அந்தக் குரல் வரும்போது, கடைசிவரை, கை மயிர் சிலிர்த்தது.

கோடையில் ஒரு நாள் சொன்னாள்: "நாளைக்கு நகரத்தின்ர மற்றப் பக்கம், எட்மண்டனுக்கு, என்ர சொந்த அக்கா வீட்ட போறன். உங்களுக்கு ஆர் காவல்?"

"சமாளிப்பன்," என்றேன். மறுநாளிலிருந்து வெறும் இரைச்சல். அதையும் சில நாள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைகள் திறந்தபின் ஒரு நாள் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் விலை கேட்டேன். வாசலோரத் தள்ளுவண்டியில் அழுதுகொண்டிருந்த பிள்ளை சட்டென்று நிறுத்தி என் பக்கம் திரும்பியது. அதன் தாய், மாஸ்க்குக்கு மேல் கண்கள் மட்டும் தெரிய, பிள்ளையைப் பார்த்தாள், பிறகு என்னை.

"இன்னொருக்காக் கதையுங்கோ," என்றாள்.

தள்ளுவண்டிக்குக் குனிந்தேன். பிள்ளை என் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.