லவீனா கூட்டிச் சொன்ன மீன்கள்

லவீனா பிட்காவுக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரே நம்பியது. யாராவது புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டால், "கரடி உரிச்சுப் போட்ட தோல் மாதிரி இருக்கு" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடுவாள். அவளோடு சீட்டாட உட்கார்ந்தால் கையைப் பொத்திக்கொள்ள வேண்டியதில்லை, எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. வடக்கே பாதி வருஷம் உறைந்து கிடக்கும் யூகான் ஆற்றங்கரையில் நூற்றுச் சொச்சம் பேர் வாழும் எங்கள் ஊருக்கு அரசாங்க மீன்துறைக்காரர்கள் மீன் எண்ண ஆள் தேடி வந்தபோது, கூட்டத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. எல்லாக் கையும் அவள் பக்கம் நீண்டது.

வேலை சுலபம்தான். ஆற்றோட்டத்தில் தானாகச் சுற்றும் மீன்சக்கரம் கூடையில் மீனை அள்ளி மரச்சரிவில் போடும். மற்றவர்களின் சக்கரத்தில் மீன் பெட்டிக்குள் விழும். இவள் சக்கரத்தில் சரிவின் மறுமுனை ஆற்றிலேயே திறந்திருக்கும். ஒரு மீன் வழுக்கிப் போனால் கையிலிருக்கும் எண்கருவியை ஒரு தடவை அமுக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு ரேடியோவில் அன்றைய கணக்கைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைப் பெருக்கி ஆற்றில் போகும் மொத்த மீனை அவர்கள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் தின்பதற்கல்லாமல் மீனைப் பிடிக்கமாட்டார்கள். பிடித்து, பார்த்து, திரும்ப விடுவது மீனை அவமதிப்பது, அவமதித்த கரைக்கு மீன் வராது என்பார்கள். லவீனாவுக்கும் முதல் கோடையில் கை கூசத்தான் செய்தது. சம்பளம் நாய்களுக்கு ஆகும் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

பதினொரு நாய்கள். கல்யாணத்தை ஒருமுறை செய்து பார்த்து, ஒத்துவராது என்று விட்டுவிட்டவளுக்கு வீடு, வாசல், குடும்பம் எல்லாம் அவைதான். விறகு இழுப்பதும் அவை, கண்ணி வைத்த காட்டுக்கு அவளைக் கொண்டுபோய்க் கொண்டு வருவதும் அவை. எஞ்சின் வைத்த பனிவண்டி நடுக்காட்டில் நின்றுபோனால் மனிதன் செத்தான். நாய் படுத்தாலும் கொஞ்ச நேரத்தில் எழுந்துகொள்ளும். அந்தப் பதினொன்றும் குளிர்காலம் முழுக்கத் தின்பது இலையுதிர்காலத்தில் வரும் சால்மன் மீனைத்தான். அதற்கு எங்களிடம் பேரே நாய்மீன்.

நாய்மீன் பிறப்பது மேலாற்றில், குளிரிலும் உறையாத ஊற்றோடைகளின் கூழாங்கற்களுக்கு அடியில். வசந்தத்தில் விரலளவுகூட வளராத குஞ்சாக ஆற்றோடு கடலுக்குப் போய்விடும். பெரும்பாலும் நான்காம் வருஷம், பிறந்த அதே கூழாங்கல்லைத் தேடி ஆயிரம் மைலுக்கு மேல் எதிர்நீச்சல் போட்டு வரும். ஆற்றில் நுழைந்த பிறகு ஒரு வாய் தின்னாது. வாலால் குழி பறித்து முட்டையிட்டுவிட்டு அங்கேயே சாகும். ஒரு வருஷத்து மீனை அடியோடு அள்ளிவிட்டால் நான்கு வருஷம் கழித்து வரவேண்டியதை இப்போதே தின்றுவிட்டோம் என்று அர்த்தம். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். லவீனாவுக்கு நன்றாகவே தெரியும்.

முதல் கெட்ட வருஷத்தில் மீன் பாதிகூட வரவில்லை. மீன்துறைக்காரர்கள் ஆற்றை மூடிவிட்டார்கள், யாரும் வலை போடக்கூடாது, சக்கரம் இறக்கக்கூடாது. பழைய காய்ந்த மீனையும் கண்ணியில் விழுந்த பீவர் இறைச்சியையும் போட்டு லவீனா தன் நாய்களைக் காப்பாற்றிவிட்டாள். அவளுடைய அத்தை மகன் ஒரவில்லிடம் பழைய மீன் இல்லை. ஒன்பது நாய்களையும் அவனே சுட்டான்.

மறு வருஷமும் அதே கதை. ஒருநாள் படகைக் கட்டிவிட்டு ஒரவில் சக்கரத்தருகே வந்து நின்றான்.

"என்ன புள்ள, இன்னிக்கு எத்தனை?"

"நாப்பத்தொண்ணு."

"சக்கரத்தைக் கழட்டிட்டுப் போயி வீட்டுக்குத் தண்ணி இறைக்க வெச்சுக்கோ. அந்த வேலையாவது ஒழுங்கா நடக்கும்."

"உன் வாயைக் கட்டி இறைச்சா ஊருக்கே தண்ணி பத்தும் மச்சான்."

அவன் சிரித்தான். பிறகு கரைமேல் கட்டியிருந்த நாய்களைப் பார்த்தான், சிரிப்பு போய்விட்டது.

"முடிவு பண்றதை இப்பவே பண்ணிடு லவீனா. பட்டினி போட்டு எலும்பாக்கிட்டு அப்புறம் சுடாத. நான் டிசம்பர் வரைக்கும் இழுத்தேன். கடைசியில எந்திரிக்கக்கூட முடியாமப் படுத்துட்டே பாத்துதுங்க."



அதற்கு முந்தின வாரம்தான் வெள்ளத்தில் வந்த மரம் ஒன்று கீழாற்றில் மீன்துறைக்காரர்கள் வைத்திருந்த ஒலிக்கருவியை அடித்துக்கொண்டு போயிருந்தது. மீன் போவதைத் தண்ணீருக்கடியில் கண்டுபிடிக்கும் கருவி அது. அது போனபிறகு அவர்களுக்கு மிச்சம் இருந்தது லவீனாவின் கணக்கு ஒன்றுதான். செப்டம்பர் பத்துக்குள் இத்தனை மீன் தாண்டினால் மூன்று நாள் ஆற்றைத் திறப்போம், இல்லையென்றால் இல்லை என்று அறிவித்திருந்தார்கள்.

ஒரவில் வந்துபோன அன்று மாலை ரேடியோவில் மீன்துறைப் பெண் வழக்கம்போலக் கேட்டாள். "இன்னிக்கு எவ்வளவுக்கா?"

"நூத்தி நாப்பத்தொண்ணு."

"அய்யோ, வர ஆரம்பிச்சிடுச்சா! போன உசிரு திரும்பி வந்த மாதிரி இருக்குக்கா."

லவீனா ரேடியோவை அணைத்தாள். மறுநாள் முப்பத்தெட்டு வந்தது, நூற்று எண்பது என்றாள். முதல் பொய்தான் தொண்டையில் முள்ளாகக் குத்திற்று, மற்றவை தண்ணீராக இறங்கின. ஒன்பது நாள் இப்படி நடந்தது. யாரும் சரிபார்க்க வரவில்லை. லவீனா பிட்காவின் கணக்கை யார் சரிபார்ப்பார்கள்?

ஆறு திறந்தது. மூன்று நாளும் ஊரே கரையில் கிடந்தது. மேலே இருக்கிற ஊர்களும் அப்படித்தான். வந்த கொஞ்ச மீனும் கடைசியில் கூட்டமாக வந்ததால், எல்லார் கத்திக்கும் வேலை இருந்தது. லவீனாவும் அறுத்தாள். கொடியில் அறுநூறு மீன் தொங்கிற்று. பெட்டை மீனின் வயிற்றைக் கிழிக்கும்போதெல்லாம் செம்மணியாக முட்டை கொட்டியது, ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம், மூவாயிரம். அதை நாய்ச்சட்டியில் போட்டாள். பக்கத்து வீட்டு மார்த்தா மீன் சூப் கொண்டுவந்து வைத்து, "உன் கை ராசி, ஊரு அடுப்பு எரியுது" என்று கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். லவீனா அந்த சூப்பை ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

ஆறு உறைந்தபின் சறுக்குவண்டியில் நாய்களைப் பூட்டி மேலாற்று ஊற்றோடைக்கு இரண்டு நாள் ஓட்டிப் போனாள். அவளுக்குத் தெரிந்தவரை அங்கே அக்டோபரில் தண்ணீர் கொதிப்பதுபோல மீன் குழி பறித்துக்கொண்டிருக்கும். அன்று ஓடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து எண்ணினாள். இருபத்துமூன்று. அதில் பெட்டை ஒன்பது. இந்தக் கணக்கை அவள் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. இதைத்தான் மீன்துறைக்காரர்களிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதை நான் மன்னிக்கமாட்டேன், அவளும் தன்னை மன்னிக்கவில்லை.

அடுத்த மூன்று வருஷம் மற்ற வருஷங்களில் பிறந்த மீன் கொஞ்சம் வந்தது. ஆறு அவ்வப்போது ஒரு நாள் திறந்தது, எல்லாரும் அரைவயிறும் கால்வயிறுமாக ஓட்டினார்கள். லவீனா சரியாகவே எண்ணினாள். பதினொரு நாய்களில் மூன்று கிழடாகிச் செத்தன, எட்டு மிஞ்சின. அவள் விரலை மடக்கிக்கொண்டே நான்காவது வருஷத்துக்குக் காத்திருந்தாள். மீன்துறைக்காரர்கள் கூட்டம் போட்டு, நான்கு வருஷத்துக்கு முன் நல்ல வரத்து இருந்ததால் இந்த முறை நிறைய வரும் என்று அறிவித்தார்கள். அவளுடைய கணக்கை வைத்துச் சொன்னதுதான். ஊரார் கைதட்டினார்கள். அவள் எழுந்து வெளியே போனாள்.

அந்த ஆகஸ்டில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் ஆறு மீன். மறுநாள் இரண்டு. பிறகு நான்கு நாள் ஒன்றுமில்லை. வெறும் கூடை தண்ணீரை அள்ளி ஆற்றிலேயே ஊற்றியது. செப்டம்பர் முடிந்தபோது கொடியில் ஒரு மீன்கூட இல்லை, யார் வீட்டிலும் இல்லை. நடுக்கடலில் வலை இழுக்கும் கப்பல்காரர்களை ஊரே திட்டியது. கடல் சூடேறிப்போனது உண்மை, கப்பல் அள்ளியதும் உண்மை. ஆனால் வெற்றுக் கூழாங்கல்லிலிருந்து எந்தக் கடலும் மீன் எடுத்துத் தராது.

முதல் பனி விழுந்த காலையில் ஒரவில் துப்பாக்கியோடு வந்தான்.

"நீ உள்ள போயி காப்பி போடு. நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம் மச்சான்."

"உன்னால முடியாது லவீனா. ஒண்ணைச் சுட்டதும் மத்ததெல்லாம் உன்னைப் பாக்கும். எனக்குத் தெரியும். உள்ள போ."

அவன் கையில் அந்த வேலையை விட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்து காப்பி குடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. படியில் நின்றபடியே சொல்லிவிட்டாள். ஒன்பது நாள் பொய், ஓடையில் கண்ட இருபத்துமூன்று, எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை.

"சும்மா இரு. கப்பல்காரன் பண்ண பாவத்தை நீ ஏன் தலையில தூக்கிப் போட்டுக்கிற?"

"நாப்பத்தொண்ணுன்னு உன்கிட்டதான் சொன்னேன். அன்னிக்கு சாயந்திரம் ரேடியோல நூத்தி நாப்பத்தொண்ணுன்னேன்."

ஒரவில் கத்துவான், ஊரைக் கூட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்று அவள் எதிர்பார்த்தாள். அதற்கெல்லாம் தயாராகத்தான் நின்றாள். அவன் கேட்டது வேறு.

"அதுக்கு மொத வருஷம் ஏன் சொல்லல?"

"எதை?"

"பொய்யை. என் ஒம்பதும் உசிரோட இருந்துச்சே அப்போ. அந்த வருஷமும் நீதானே எண்ணின? எனக்காக ஒரு நூறு கூட்டிச் சொல்ல உனக்கு வாய் வரலையா?"

ஊரின் எதிர்காலத்தைத் தின்றவள் என்று திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் துப்பாக்கியைப் படிக்கட்டில் சாத்தினான். சட்டைப் பையிலிருந்து தோட்டாக்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தான்.

"கூடவாவது நில்லு மச்சான்."

"எனக்கு யாரு நின்னா?"

அவன் கரையிறங்கிப் போனான், திரும்பிப் பார்க்கவில்லை. அவன் படகு வளைவு தாண்டும்வரை லவீனா படியிலேயே நின்றாள். பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். அவள் வருவதைக் கண்டதும் எட்டு நாய்களும் தீனி வருகிறது என்று நினைத்து எழுந்து நின்றன.